செம்ப விட பத்து மடங்கா? கார்பன் நானோட்யூப் ஷீட் வாங்கி ரெண்டு மாசம் நோண்டினதுல தெரிஞ்சது

முதல்லயே சொல்லிடறேன், இது யாரும் ஓசில அனுப்பி ரிவ்யூ எழுதச் சொன்னது இல்லைங்க, என் கைக்காசு 2,400 ரூபா, அதுக்கு மேல கூரியருக்கு 650 குடுத்து வாங்கினது. பத்துக்கு பத்து சென்டிமீட்டர்ல ஒரே ஒரு ஷீட்டு, அதாவது கண்ணுக்கே தெரியாத அளவு மெலிசான கார்பன் குழாய்ங்கள (அதுதான் நானோட்யூப்) சேர்த்துப் பண்ணின கருப்புத் தாள். பேக்கரில பப்ஸ் வெச்சுத் தர்ற பேப்பர் சைஸ்தான் இருக்கும். வீட்ல விலை சொல்லல, இதப் படிச்சுட்டு யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க.

எதுக்கு வாங்கினேன்னு கேப்பீங்க. நமக்கு கோயமுத்தூர்ல கணபதி பக்கம் சின்னதா ஒரு எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை, பம்புசெட் ஸ்டார்ட்டர் போர்டு, ஸ்டெபிலைசர், யூபிஎஸ் இதுதான் பொழப்பு. சித்தி இருக்கறது கோத்தகிரில. டிசம்பர் ஜனவரில அங்க இட்லி மாவு புளிக்கவே புளிக்காது, ராத்திரி ஆட்டி வெச்சா அடுத்த நாள் ராத்திரி ஆனாலும் ஊத்தின அளவுலயே உக்காந்திருக்கும். "ஊரான் வீட்டு போர்டெல்லாம் சரி பண்றயே, எனக்கு இந்த மாவு பொங்கறதுக்கு ஒரு வழி பண்ண மாட்டியா"ன்னு ரெண்டு வருஷமா கேட்டுட்டே இருந்தாங்க. அஞ்சு வோல்ட் சார்ஜர்ல ஓடற மாதிரி, மெலிசா, பாத்திரத்துக்கு அடியில வைக்கற ஹீட்டர் ஒண்ணு பண்ணலாம்னு தேடினப்பதான் இந்த ஷீட் கண்ணுல மாட்டுச்சு.

விக்கறவனோட சைட்ல போட்டிருந்தது என்னன்னா, வெப்பத்த செம்ப விட பத்து மடங்கு கடத்தும், கரண்ட்ட செம்பு மாதிரியே கடத்தும், ஷீட் ரெசிஸ்டன்ஸ் 0.5 ஓம், திக்னஸ் 20 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல அம்பதுல ஒரு பங்கு), சிங்கிள் வால் ட்யூப், அதாவது ஒரே சுவர் இருக்கற குழாய். இதுல எது உண்மைன்னு பார்க்கத்தான் இந்த ரிவ்யூ. கடை பேர் சொல்ல மாட்டேன், ஏன்னா தேடிப் பார்த்தப்ப இந்த மாதிரி விக்கற பாதிப் பேரு இதே வரியத்தான் காப்பி அடிச்சு போட்டிருக்காங்க.

பேக்கிங் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. ரெண்டு பட்டர் பேப்பருக்கு நடுவுல வெச்சு ஜிப் கவர்ல போட்டு அட்டைக்குள்ள வந்துச்சு, ஒரு மூலை மடிஞ்சிருந்துச்சு. ஆனா உள்ள இருந்த துண்டுச் சீட்டுல மல்டி வால்னு (குழாய்க்குள்ள குழாயா பல சுவர்) போட்டிருக்கான், சைட்ல சிங்கிள் வால். கேட்டதுக்கு அடுத்த ஆர்டருக்கு அஞ்சு பர்சன்ட் கூப்பன் அனுப்பினான். நான் கேட்டது பதில், அவன் குடுத்தது கூப்பன்.

கையில எடுத்தா ஒரு மாதிரி அதிசயமாத்தான் இருக்கு. கருப்பு, மங்கலான கருப்பு, லைட்ல சாய்ச்சுப் பார்த்தா லேசா சாம்பல் மினுமினுப்பு. டிஷ்யூ பேப்பரும் இல்ல, அலுமினிய ஃபாயிலும் இல்ல. மடிச்சு நிமித்தினா கோடு விழுது, ஆனா முறியல, மடிச்ச இடத்துல ரெசிஸ்டன்ஸும் பெருசா மாறல. கத்திரிக்கோல் நல்லா வெட்டும், பிளேடு போட்டா இழுத்துட்டு பிசிறு பிசிறா வரும், அப்படித்தான் எனக்கு ஒரு சென்டிமீட்டர் பட்டை வீணாப் போச்சு. இங்க ஒரு விஷயம், வெட்டறப்ப மாஸ்க் போட்டுக்கோங்க, ஃபேன ஆஃப் பண்ணிடுங்க. ஒரு வகை மல்டி வால் ட்யூப்ப புற்றுநோய் வர வாய்ப்பிருக்கிற பட்டியல்லயே 2014ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு சேர்த்திருக்கு. ஷீட்டா இருக்கறப்ப பறக்காது, பிசிறுதான் வம்பு. அந்தப் பிசிறு போர்டு மேல விழுந்தா ஷார்ட்டும் ஆகும், ஏன்னா அது கரண்ட் கடத்தற நூலு.

தங்கம் எடை போடற சின்ன தராசு ஒண்ணு கடையில இருக்கு, அதுல வெச்சுப் பார்த்தேன். முழு ஷீட்டும் 0.12 கிராம்! மைக்ரோமீட்டர்ல 20 மைக்ரான் சொல்லுச்சு (அமுக்கினா இன்னும் கம்மியாவும் காட்டும், பஞ்சு மாதிரிங்கறதால). கணக்கு போட்டா ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.6 கிராம் வருது. ட்யூப்ப இடைவெளியே இல்லாம அடுக்கினா இதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல இருக்கணும். அப்ப நான் காசு குடுத்து வாங்கின ஷீட்ல பாதிக்கு மேல காத்து. இத மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

சரி, கரண்ட் விஷயத்துக்கு வருவோம். ஷீட் ரெசிஸ்டன்ஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி, மெலிசான ஃபிலிம்ல சதுரமா எந்த சைஸ்ல வெட்டி எதிரெதிர் ஓரத்துல அளந்தாலும் ஒரே ஓம் தான் வரும், நீளம் ரெண்டு மடங்கானா அகலமும் ரெண்டு மடங்காகி சரிக்கட்டிடும், அதனாலதான் ஒரு சதுரத்துக்கு இவ்வளவு ஓம்னு சொல்றாங்க. ஒரு சென்டிமீட்டர் அகலம் பத்து சென்டிமீட்டர் நீளம் வெட்டினா பத்து சதுரம் வரிசையா நிக்கற மாதிரி.

முதல்ல அப்படி ஒரு பட்டை வெட்டி சும்மா மல்டிமீட்டர்ல ரெண்டு கிளிப் மாட்டிப் பார்த்தேன், ஒரு தடவ 15 ஓம், இன்னொரு தடவ 19, கிளிப்ப அமுக்கினா 13. இது ஷீட்டோட ரெசிஸ்டன்ஸ் இல்ல, கிளிப் ஒட்டற இடத்தோடது. இத வெச்சு ஒன் ஸ்டார் போட்டவங்க ரெண்டு பேர அந்த சைட்லயே பார்த்தேன், பாவம். சரியான முறை நாலு வயர். ரெண்டு ஓரத்துல பவர் சப்ளைல இருந்து 100 மில்லி ஆம்ப் நிலையா விட்டு, உள்பக்கம் எட்டு சென்டிமீட்டர் தள்ளி தள்ளி ரெண்டு ஊசி வெச்சு வோல்ட்டேஜ் மட்டும் பார்த்தா 0.88 வோல்ட். அதாவது 8.8 ஓம், எட்டு சதுரத்துக்கு. ஒரு சதுரத்துக்கு 1.1 ஓம். அவன் சொன்ன 0.5க்கு ரெண்டு மடங்குக்கு மேல.

இன்னொண்ணு, ஷீட்ட தொண்ணூறு டிகிரி திருப்பி அதே மாதிரி பட்டை வெட்டி அளந்தா 1.6 வந்துச்சு. இது பழுது கிடையாது. இந்த வகை ஷீட்ட உலையில இருந்து புகை மாதிரி வர்ற ட்யூப்ப உருளையில சுத்தி எடுக்கறாங்க, நம்ம மில்லுல நூல் சுத்தற மாதிரியே, அதனால சுத்தின திசையில ட்யூப்பெல்லாம் கொஞ்சம் படிஞ்சு நிக்கும், அந்த வாக்குல கரண்ட் சுலபமா போகும், குறுக்கால கஷ்டப்படும். எந்தப் பக்கம் எந்த வாக்குன்னு ஒரு அம்புக்குறி போட்டு அனுப்பியிருந்தா எனக்கு ஒரு பட்டை மிச்சமாகியிருக்கும். கரண்ட் கடத்தறதுல செம்பு மாதிரியேன்னு சொன்னான்ல, கணக்குப்படி என்னோட ஷீட் செம்ப விட ஆயிரத்து முந்நூறு மடங்கு கிட்ட கம்மி. ட்யூப்பயெல்லாம் ஒரே திசையில நெருக்கமா இறுக்கி நூலாத் திரிச்சா செம்போட ஆறுல ஒரு பங்குக்கு மேலயே லேப்ல கொண்டு வந்திருக்காங்க, அமெரிக்கால ரைஸ் யூனிவர்சிட்டிக்காரங்க அதுல கில்லாடிங்க. ஆனா அது நூலு, அதுவும் லேப்ல. 2,400 ரூபாய்க்கு கூரியர்ல வர்றது இல்ல.

இப்ப பெரிய பொய்க்கு வருவோம், அதாவது பொய்னும் சொல்ல முடியாது, அதுதான் எரிச்சலே. ஒத்த ட்யூப்ப தனியா தொங்கவிட்டு அளந்தா வெப்பக் கடத்தல் 3000 வாட் பெர் மீட்டர் கெல்வினுக்கு (வெப்பம் எவ்வளவு சுலபமா போகுதுங்கறதோட அளவு) மேலன்னு 2001லயே பிலிப் கிம் டீம் அளந்தாங்க, 2006ல எரிக் பாப் டீம் சிங்கிள் வால் ட்யூப்புக்கு 3500 வரைக்கும் போனாங்க. செம்பு 400. ஏழு எட்டு மடங்கு நெசந்தான், அவன் அத பத்துன்னு ஊதிட்டான், அது கூடப் பரவால்ல. ஆனா அந்த நம்பர் ஒரே ஒரு ட்யூப்போடது, கண்ணுக்கே தெரியாத சில மைக்ரான் நீளத்துல. ஷீட்டுங்கறது கோடிக்கணக்கான ட்யூப் ஒண்ணு மேல ஒண்ணு சும்மா சாஞ்சு கிடக்கற வைக்கப்போர்.

கார்பன் ட்யூப்ல வெப்பத்த தூக்கிட்டுப் போறது பெரும்பாலும் எலக்ட்ரான் இல்ல, அணுக்களோட அதிர்வு. தண்டவாளத்துல காது வெச்சா தூரத்துல வர்ற ரயில் கேக்கும், அது மாதிரி. இப்ப அந்தத் தண்டவாளத்த துண்டு துண்டா வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு லேசா சாய்ச்சு வெச்சுட்டா கேக்குமா? ட்யூப்பும் ட்யூப்பும் தொடற இடத்துல பலமான பிணைப்பு எதுவும் இல்ல, சும்மா ஒட்டிட்டு நிக்குது, அதிர்வு அங்க வந்து நின்னு போகுது. எலக்ட்ரானாவது எகிறி தாண்டிடும், அதிர்வுக்கு அது வராது. இதோட பாதிக்கு மேல காத்து வேற. ட்யூப்பயெல்லாம் வலுவான காந்தப் புலத்துல வெச்சு ஒரே திசையில படிய வெச்ச ஃபிலிம்ல கூட 2000ஆம் வருஷம் அளந்தப்ப 200 சொச்சம்தான் வந்துச்சு. செம்புல பாதி. நீங்க வாங்கற சாதா ஷீட்டு அதுக்கும் கீழதான்.

புத்தகக் கணக்கு வேணாம், நேரா பார்த்துடுவோம்னு ஒரு பவர் ரெசிஸ்டர பலகைல வெச்சு சூடு பண்ணி, மேல ஆறுக்கு பத்து சைஸ்ல ஒவ்வொரு ஷீட்டா ஒட்டி அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன். எதுவும் ஒட்டாம ரெசிஸ்டர் 92 டிகிரி. நானோட்யூப் ஷீட் ஒட்டினா 86. ட்ரான்ஸ்ஃபார்மர் வேலைக்கு வாங்கி வெச்ச 35 மைக்ரான் செம்பு ஃபாயில் ஒட்டினா 71. பழைய செல்ஃபோன்ல இருந்து உரிச்ச கிராஃபைட் ஷீட் ஒட்டினா 66! ஃபோனுக்குள்ள பேட்டரி பக்கத்துல கருப்பா பளபளன்னு இருக்குமே, அதுதான். பானாசோனிக் மாதிரி கம்பெனிங்க அத பல வருஷமா விக்கறாங்க, 25 மைக்ரான் ஷீட்டுக்கு வெப்பக் கடத்தல் 1600, 10 மைக்ரான்ல 1950 வரைக்கும் போகுது, அதுவும் முழு ஷீட்டுக்கு, ஒத்த ட்யூப்புக்கு இல்ல. ஸ்பேர்ஸ் கடையில நூறு இருநூறுக்குக் கிடைக்கும். கிராஃபைட்ல அந்த அடுக்கு தொடர்ச்சியா போகுது, நடுவுல ஜாயின்ட் கம்மி, அவ்வளவுதான் சமாச்சாரம். அதனால லேப்டாப் சூடாகுது, எல்ஈடி சூடாகுதுன்னு இந்த நானோட்யூப் ஷீட்ட வாங்க நினைக்கறவங்க தயவு செஞ்சு வாங்காதீங்க. ஹீட் ஸ்ப்ரெடரா, அதாவது சூட்ட பரப்பி விடற தாளா, இதுக்கு நான் பத்துக்கு ரெண்டு தர்றேன், அந்த ரெண்டும் எடைக்காக.

(ஐஆர் தெர்மாமீட்டர்ல, அதாவது தொடாமயே சூடு பார்க்கற கன்னுல, இத செஞ்சு பார்க்கறவங்களுக்கு: செம்பு பளபளன்னு இருக்கறதால அந்த கன் தப்பா கம்மியா காட்டும், மேல ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அது மேல பாருங்க. நானோட்யூப் ஷீட்டுக்கு அது வேண்டியதே இல்ல, அதோட கருப்பு அவ்வளவு சுத்தமான கருப்பு, கன் காட்டறது கிட்டத்தட்ட அப்படியே சரி.)

இவ்வளவு திட்டிட்டேன்ல, இப்ப புகழப் போறேன். ஹீட்டரா இது வேற லெவல். ரெண்டுக்கு எட்டு சென்டிமீட்டர் பட்டைய காத்துல தொங்கவிட்டு 5 வோல்ட் குடுத்தேன், ஒரு ஆம்ப் சொச்சம் இழுத்துச்சு, ஸ்விட்ச் போட்டு கன்ன தூக்கறதுக்குள்ள 120 தாண்டிடுச்சு. ஒரு நொடி. ஆஃப் பண்ணி தொட்டா ஆறிப் போயிருக்கு. கடையில கூட வேலை பாக்கற தம்பி நம்பவே இல்ல, "அண்ணா அது சூடே ஆகலண்ணா, கன்னு தப்பு"ன்னுட்டு ஆன்ல இருக்கறப்பவே விரல வெச்சுட்டான், அப்புறம் அரை மணி நேரம் டம்ளர் தண்ணிக்குள்ள விரல விட்டுட்டு உக்காந்திருந்தான். 9 வோல்ட்ல 230 தாண்டுச்சு, கீழ இருந்த பேப்பர் பழுத்து வாசம் வர நிறுத்திட்டேன். நைக்ரோம் கம்பி ஹீட்டர் சூடேற எவ்வளவு நேரம் ஆகும்னு நினைச்சுப் பாருங்க. இங்க சூடாக்க வேண்டிய பொருளே அந்தப் பட்டைல 0.02 கிராம்தான், அதுவும் முழு பரப்பும் ஒண்ணா சூடாகுது, கம்பி மாதிரி கோடு கோடா இல்ல. கருப்புங்கறதால வாங்கின சூட்ட கதிராவும் நல்லா வெளிய தள்ளுது. பாருங்க, வெப்பத்த பக்கவாட்டுல சரியா கடத்தாத அதே ஷீட்டு, வெப்பத்த உண்டாக்கறதுல ராஜா.

இதுல ரெண்டு மூணு எச்சரிக்கை இருக்கு. முதல் தடவ சூடு பண்ணி ஆறவிட்டு அளந்தா 1.1 இருந்தது 1.25 ஆயிடுச்சு. பயந்துட்டேன். காரணம், ட்யூப் மேல ஒட்டியிருக்கற ஆக்சிஜன், ஈரம், கழுவறதுக்கு போட்ட ஆசிட் மிச்சம் இதெல்லாம் கரண்ட் கடத்த உதவி பண்ணிட்டு இருக்கும், சூடு பண்ணினா ஓடிப் போயிடும். ஒரு வாரம் வெளிய கிடந்தப்புறம் 1.18க்கு திரும்பி வந்துச்சு. அவன் போட்ட 0.5 கூட ஆசிட்ல ஊற வெச்சு எடுத்த கையோட அளந்ததோன்னு எனக்கு ஒரு சந்தேகம். எதுவா இருந்தாலும் வாங்கினதும் ஒரு தடவ சூடு பண்ணி அடக்கிட்டு அப்புறம் அளந்து டிசைன் பண்ணுங்க.

ரெண்டாவது, செம்பு சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறும், டிகிரிக்கு 0.4 பர்சன்ட் கிட்ட. இது நேர் மாறு, ஒரு தடவ அடக்கினப்புறம் 30ல இருந்து 120 போறப்ப நாலு பர்சன்ட் குறைஞ்சுது. அதாவது சூடேற ஏற கரண்ட் கொஞ்சம் கூடத்தான் இழுக்கும், தானா அடங்கற பழக்கம் இல்ல. தெர்மோஸ்டாட்டும் ஃபியூஸும் இல்லாம படுக்கைக்கு அடியிலயோ குழந்தைங்க பக்கத்துலயோ வைக்கவே கூடாது.

மூணாவது கனெக்‌ஷன். இதுல சோல்டர் ஒட்டாது, ஈயம் உருண்டு உருண்டு ஓடும். நானும் ஃப்ளக்ஸ் மாத்தி மாத்தி ஒரு சாயங்காலம் வீணாக்கினேன். சில்வர் பெயின்ட் ஒரு கோடு அடிச்சு, காஞ்சப்புறம் செம்பு டேப் ஒட்டி, அந்த டேப்ல வயர சோல்டர் பண்றதுதான் வழி. வெறும் கிளிப் மாட்டினா கிளிப்போட பல்லுகிட்ட மட்டும் சூடாகி ஓட்டை விழும், எனக்கு விழுந்துச்சு.

நடுவுல ஒரு கிறுக்குத்தனம் பண்ணினேன், அதயும் சொல்லிடறேன். 2008ல சீனால சிங்ஹுவா யூனிவர்சிட்டிக்காரங்க இந்த நானோட்யூப் ஃபிலிம்ல பாட்டு வர வெச்சாங்க, காந்தம் இல்ல, கோன் இல்ல, எதுவும் அசையாது, ஆடியோ கரண்ட்ல ஃபிலிம் டக்கு டக்குன்னு சூடாகி ஆறும், அதுல ஒட்டின காத்து விரிஞ்சு சுருங்கி சத்தம் வரும். நானும் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர்ல இந்தப் பட்டைய ஸ்பீக்கருக்கு பதிலா மாட்டி முருகன் பாட்டு போட்டேன். பட்டை கதகதன்னு ஆச்சு, சத்தம்னு ஒண்ணும் வரல. காது கிட்ட கொண்டு போனா ஃபேன் சத்தம்தான் கேட்டுச்சு. அவங்களது காடு மாதிரி நெருக்கமா நெட்டுக்கு வளர்த்த ட்யூப்ல இருந்து இழுத்த, கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரியற ஃபிலிம், என்னோட 20 மைக்ரான் அதுக்கு முன்னாடி கம்பளிப் போர்வை. அந்த வேகத்துக்கு இது சூடாகி ஆற முடியாது.

அப்புறம் இந்த விளம்பரத்துல எல்லாம் நாளைய பொருள் நாளைய பொருள்னு போடறாங்க. வியாழன் கிரகத்துக்கு 2011ல கிளம்பின ஜூனோ விண்கலத்துல ஸ்டாடிக் கரண்ட் சேராம இருக்க இந்த மாதிரி ஷீட்ட போட்டிருக்காங்க, அது வரைக்கும் சரி. ஆனா நம்ம கீழடில தோண்டி எடுத்த பானை ஓட்டோட கருப்புப் பூச்சுலயே கார்பன் நானோட்யூப் இருக்குன்னு வேலூர் விஐடி ஆராய்ச்சியாளர்கள் 2020ல எழுதியிருக்காங்க. கிமு ஆறாம் நூற்றாண்டு சரக்கு. சுட்டவருக்கு அது தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல, கூரியர் சார்ஜும் குடுத்திருக்க மாட்டாரு.

சரி மாவு என்னாச்சு? மிச்சம் இருந்த ஆறுக்கு பத்து துண்ட ரெண்டு பக்கமும் காப்டன் டேப் (சூடு தாங்கற, கரண்ட் கடத்தாத டேப்) ஒட்டி மூடி, கேக் செய்யற அலுமினிய தட்டுக்கு அடியில ஒட்டி, தெர்மோகோல் பெட்டிக்குள்ள வெச்சு, சின்ன தெர்மோஸ்டாட் போர்ட 32 டிகிரில நிக்கற மாதிரி செட் பண்ணினேன். 1.9 ஓம் வந்துச்சு, 5 வோல்ட்ல 13 வாட். பழைய ஃபோன் சார்ஜர் 3 ஆம்ப் இருந்தது, தாங்குது. தட்டு எதுக்குன்னா, சூட்ட பரப்பற வேலைய இந்த ஷீட்டுகிட்ட குடுக்க முடியாதுன்னு மேல பார்த்தோமே, அத அலுமினியம் பாத்துக்குது.

கோத்தகிரில வெளிய 9 டிகிரி. ராத்திரி ஒம்பது மணிக்கு வெச்ச மாவு காலைல ஆறு மணிக்கு மூடியத் தள்ளிட்டு தெர்மோகோல் பெட்டி முழுக்க வழிஞ்சு கிடக்கு, தெர்மோஸ்டாட் சென்சார் மாவுக்குள்ள முங்கிப் போச்சு. ரெண்டு மாசம் ஆச்சு, தினமும் ஓடுது, போன வாரம் போனப்ப கழட்டி அளந்தேன், அதே 1.9.

ஸ்டார் எல்லாம் எனக்குப் போடத் தெரியாது. ஹீட்டர் பண்ணிப் பார்க்கணும், காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு வேணும், கை அரிக்குதுன்னா வாங்குங்க, நாலு வயர்ல அளந்துட்டு வித்தவன்கிட்ட சண்டை போடுங்க. வெறும் மாவுக்குன்னா கோழிக்குஞ்சுக்கு வைக்கற ஹீட்டிங் மேட்டு ஐநூறு ரூபாய்க்கு கிடைக்குது, அதுவே போதும், இத நான் சித்திகிட்ட சொல்லல. அவங்க இப்ப ஆப்ப மாவுக்கு தனியா இன்னொரு பெட்டி கேக்கறாங்க.